சின்னச் சுரங்கத்துக்காரர்

எங்கள் கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே சம்பள நாளில்தான் தெரியவரும். மற்ற நாளெல்லாம் அவர் ஆன்-ஆஃப். எந்த மூலையிலிருந்து யார் கூப்பிட்டு, "சார், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது" என்றாலும், அவர்கள் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியர் மாதிரி. அதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அந்த மாத்திரையிலேயே குணமாகியும் விடும்.

நான் அதே தலைமை அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருப்பவள். வருகிற அழைப்பு எல்லாம் என் காதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் அக்கா. எனக்கு வாய் நீளம் என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

ஆன்-ஆஃபுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. உள்ளே இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்று எப்போதும் குளிர் வைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது இந்த மனுஷர் கம்பளிச் சட்டையோடு படியேறி வருவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அவர் மனைவியே போர்டுக்குக் கூப்பிட்டு, "அக்கா, உங்க ஆன்-ஆஃப் இருக்காரா?" என்றுதான் கேட்பாள். "வீட்டுல எனக்குக் கோபம் வந்தா என்ன செய்வார் தெரியுமாக்கா? வாசக்கதவைச் சாத்திட்டு வெளிய போவார். கொஞ்ச நேரம் நிப்பார். திரும்பி வந்து, 'இப்ப சரியாயிடுச்சா?'ன்னு கேப்பார்" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் மூன்று அழைப்புகள் அறுந்துபோயின.

கம்பெனியின் தொழில் மலையைக் குடைந்து பாதை போடுவது. வேலை நடக்கிற இடமெல்லாம் எங்கோ தொலைவில் இருக்கும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களைத் தலைமை அலுவலகத்தோடு சேர்த்துவைப்பது ஆன்-ஆஃபின் வேலை. விபிஎன், விபிஎன் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன எழவு என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"பொது ரோடு இருக்குல்லக்கா? அதுல கண்டவன் போவான், கண்டவன் எட்டிப் பார்ப்பான். அந்த ரோட்டுக்கு உள்ளயே நம்ம ஆளுங்க மட்டும் போய்வர ஒரு சுரங்கம் போட்டுட்டேன்னு வெச்சுக்கங்க. ரெண்டு வாசல்லயும் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. மலையில உக்காந்திருக்கிறவன் பக்கத்து மேஜையில உக்காந்திருக்கிற மாதிரி."

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் உலகத்தில் வேறு சொல்லே கிடைக்காமல், சுரங்கம் தோண்டுகிற கம்பெனியில் வந்து அதற்குச் சுரங்கம் என்று பெயர் வைத்தாரே, அதுதான் வினை.

என் தம்பி மலை சைட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன், வேறு நாதி கிடையாது. அப்போது ஒருநாள் ஆன்-ஆஃப் என் மேஜைக்கு வந்து, வெகு சாதாரணமாக, "அக்கா, மலை சைட்டுக்கு ஒரு லைன் போடுங்க. சுரங்கம் விழுந்துடுச்சு. உள்ள நாலு பேர் மாட்டிக்கிட்டாங்க" என்றார்.

நான் போட்ட கூச்சலில் கணக்குப் பிரிவு முழுக்க எழுந்து ஓடிவந்தது. மேனேஜர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார். ஆன்-ஆஃப் பேந்தப் பேந்த விழித்து, "ஐயோ, நான் கம்ப்யூட்டரைச் சொன்னேன்! விபிஎன் அறுந்துபோச்சு, நாலு கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சு!" என்றார். பேனா ஸ்டாண்டை எடுத்து வீசினேன். குறி தப்பிவிட்டது. அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது.

மேனேஜர் அன்றைக்கே உத்தரவு போட்டார். "இங்க பாருங்க, உங்களுது சின்னச் சுரங்கம். நம்ம தொழில் பெரிய சுரங்கம். இனிமே மாத்திச் சொன்னீங்க, நீங்களும் அறுந்துபோவீங்க."

கொஞ்ச நாள் எல்லாரும் சின்ன, பெரிய என்று ஒழுங்காகத்தான் சொன்னார்கள். சின்னது வாரத்துக்கு ஒரு தடவை விழும். பெரியது விழுந்ததே இல்லை. அதனால் 'சின்ன' என்பது பேச்சில் மெல்லத் தேய்ந்து போயிற்று. சைட்டிலிருந்து யாராவது, "அக்கா, சுரங்கம் விழுந்துடுச்சு" என்றால், நான் மறுபேச்சில்லாமல் படிக்கு அடியில் இருக்கிற அறைக்குப் போட்டுவிடுவேன். போர்டில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

தம்பிக்கு வேலை மலைக்கு உள்ளேயே. சுரங்கத்தின் பக்கச் சுவரில் பாறையைக் குடைந்து ஒரு சின்ன கேபின். காற்று எப்படி இருக்கிறது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அங்கிருக்கிற கம்ப்யூட்டரில் போட வேண்டும். போட்டது உடனே தலைமை அலுவலகத்துக்கு வந்துவிடும். அதில்தான் ஒரு விசித்திரம் நடந்தது. சுரங்க வாசலில் காவலாளி எண்ணி அனுப்புகிற கணக்கு ஒன்று, கேபினிலிருந்து வருகிற கணக்கு ஒன்று. இரண்டும் ஒத்தே வராது. எப்போதும் கேபின் கணக்கில் ஒரு ஆள் குறையும்.

பழி ஆன்-ஆஃப் தலையில் விழுந்தது. "உங்க சின்னச் சுரங்கம் வழியில ஒருத்தனை முழுங்கிடுதுய்யா" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். ஆன்-ஆஃபுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பியை மாற்றினார், பெட்டியை மாற்றினார். அதுவரை கேபின் கம்ப்யூட்டர் வெளியே இருக்கிற சைட் ஆபீஸ் பெட்டியைத்தான் நம்பியிருந்தது. அதனால்தான் கோளாறு என்று சண்டை போட்டு, கேபினுக்கென்றே தனிப் பெட்டி, தனி பேட்டரி வாங்கினார். தரையில் இரும்புக் குழாய் புதைத்து அதற்குள் தனிக் கம்பி இழுக்கவைத்தார். சுவரோடு தொங்கவிட்டால் போதாதா என்று கேட்டவர்களை எல்லாம் கடித்துத் துப்பினார்.

அப்புறமும் ஒரு ஆள் குறைந்தது.

கடைசியில் அவரே மலைக்குப் போய், கேபினில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தம்பி எட்டிப் பார்த்து விரல் விட்டு எண்ணினானாம். தட்டினானாம்.

"உன்னை யாருடா எண்ணுவா?"

"நான் எண்ணுறவன் சார். நான் எதுக்குக் கணக்குல வரணும்?"

திரும்பி வந்து என்னிடம்தான் பாய்ந்தார். "உங்க தம்பி ஒருத்தனைத் தேடி நான் பாதி மலையைத் தோண்டிட்டேன்க்கா! அவன் கேபின்லயே கால் ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான். தட்டு எடுத்துவைக்கச் சொன்னால் எல்லாருக்கும் வைத்துவிட்டுத் தனக்கு இல்லாமல் நிற்பான்.

அதற்குப் பிறகு தன்னையும் சேர்த்து எண்ணினான். ஆனால் மனசில் ஏறவில்லை. கொஞ்சம் அவசரம் வந்தால் மறுபடி ஒன்று குறையும். ஆன்-ஆஃப் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். இன்னொன்றுக்கும் திட்டு விழும். ஊருக்கெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிற இந்த மனுஷர், தன் பெட்டிகளை மட்டும் தன்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்பார். அவர் மேஜைமேல் ஒரு திரை. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பச்சைப் புள்ளி. ஏதாவது ஒன்று சிவப்பானால் போதும், அடுத்த மூச்சில் போனை எடுத்து, "யாருடா பெட்டியில கை வெச்சது?" என்று கத்துவார். படிக்கு மேலே இருக்கிற எனக்கே கேட்கும்.

அன்றைக்குக் காலை, டீ குடித்த கப்பைக்கூட நான் இன்னும் கீழே வைக்கவில்லை. மலை சைட்டின் குமாஸ்தா லைனில் வந்தார்.

"அக்கா, சுரங்கம் விழுந்துடுச்சு!"

"விழாம இருந்தாத்தான் அதிசயம். இருங்க, போடறேன்" என்று படிக்கு அடியில் இருக்கிற அறைக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்கு மூச்சிரைத்தது. ஓடிவந்திருப்பார் என்று நினைத்தேன். ஒட்டுக் கேட்பது என் தொழிலில் சேர்த்தி இல்லை, ஆனாலும் கேட்பேன். கேட்டேன்.

"சார், சுரங்கம் விழுந்துடுச்சு சார்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆம்பிளை அழுகிற சத்தம் கேட்டது.

"சார்... பெரிய சுரங்கம் சார்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. போர்டில் வரிசையாக விளக்குகள் எரிந்தன, நான் எதையும் எடுக்கவில்லை. கையில் இருந்த கப் எப்போது விழுந்தது என்று தெரியாது. என் கையாலேயே, சிரித்துக்கொண்டே அந்த அழைப்பைப் போட்டேனே, அடிப் பாவி, உன் தம்பியைப் பாறை மூடியிருக்கும்போது கிண்டல் பேசினாயே என்று உள்ளுக்குள் ஒரு குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அறையில் ஸ்பீக்கர் போனில் சைட் என்ஜினியர் பேசினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. காலையில் உள்ளே போனவர்கள் ஆறு பேர், ஐந்து தொழிலாளிகளும் என் தம்பியும். கேபினுக்கு முன்னால்தான் கூரை இறங்கியிருக்கிறது. மேலே தொங்கிய கரண்ட் கம்பி, போன் கம்பி எல்லாம் அறுந்துவிட்டன. கத்திப் பார்த்தார்கள், பதில் இல்லை. "பெரிய மெஷினை விட்டு மண்ணை அள்ளலாம் சார். அள்ளும்போது மேல இருக்கிறதும் இறங்கும். ஆனா உள்ள யாரும் உயிரோட இருக்கிற மாதிரி தெரியல" என்றார்.

நான் அங்கே நிற்கவில்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. நேரே படிக்கு அடியில் போனேன்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா? ஆஃப் பண்ணணுமாம், ஆன் பண்ணணுமாம்! என் தம்பி என்ன பல்பா?"

அவர் திரும்பவில்லை. திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். "கேபின் பெட்டி பச்சையா இருக்குக்கா" என்றார்.

"அப்படின்னா அவன் இருக்கானா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது பேட்டரியில ஓடுதுக்கா. கம்பி தரைக்குள்ள போறதால அறுபடல. ஆள் இல்லாட்டியும் பச்சையாத்தான் இருக்கும்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி சிவப்பாயிற்று. போச்சு, அதுவும் செத்துப்போச்சு என்று நினைத்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து மறுபடி பச்சை வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சிவப்பு.

"யாருடா பெட்டியில கை வெ..."

பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கை வெச்சிருக்கான்க்கா" என்றார். "யாரோ கை வெச்சிருக்கான்!"

அவ்வளவு பெரிய தொந்தியை வைத்துக்கொண்டு அவர் படியேறி ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் நசுங்கியிருந்தாலும் பெட்டி பிழைத்திருக்கிறது, கரண்ட் போனால் பேட்டரி பிடித்துக்கொள்ளும், பட்டனை அமுக்கினால்தான் இப்படி அணைந்து அணைந்து எழும் என்று மேனேஜரிடம் ஒரே மூச்சில் கொட்டினார். மேனேஜர் போனில் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "மெஷினை நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு! மண்ணை அள்ளாதீங்க, பக்கவாட்டுல துளை போடுங்க!"

பிறகு எல்லாரும் படிக்கு அடியில் வந்து குவிந்தோம். மேனேஜர், கணக்குப் பிரிவு, ஆபீஸ் வாசல் காவலாளி, எல்லாரும் அந்தக் குளிரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அணைந்து எழுந்தது ஐந்து தடவை. அப்புறம் வெகுநேரம் பச்சையாகவே இருந்தது. மறுபடி ஐந்து தடவை.

"ஏதோ எண்ணிக்கை சொல்றாங்க" என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். "அஞ்சு பேர் இருக்காங்க."

போனில் என்ஜினியரும் மெதுவாகத்தான் சொன்னார். "போனது ஆறு பேர் சார்."

எல்லாருடைய கண்ணும் என்மேல் திரும்பி, உடனே தரைக்குப் போயிற்று. எனக்கு அழுகைகூட வரவில்லை. ஐந்து பேர் பிழைத்தார்கள் என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, அந்த ஐந்தில் யாரைத் தள்ளிவிட்டு என் தம்பியை வைக்கலாம் என்று மனசு அலைந்தது. சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

அப்போது ஆன்-ஆஃப் மேஜையைப் படாரென்று தட்டினார். "வாசல்ல ஆறு, கேபின்ல அஞ்சு! இந்தக் கோளாறை நான் பார்த்திருக்கேன் சார்! இதுக்காக நான் எத்தனை கம்பி மாத்தியிருக்கேன்! அக்கா, இப்படி எண்ணுற ஜென்மம் இந்த உலகத்துல ஒண்ணுதான் இருக்கு. அமுக்குறது உங்க தம்பிதான்!"

என் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது.

மேனேஜர் அவர் தோளில் கை வைத்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவங்கள்ல வேற யாராவது அமுக்கியிருந்தாலும் அஞ்சுதானே வரும்?"

அதுவும் சரிதான். ஆன்-ஆஃப் மட்டும் விடவில்லை. பெட்டிக்குச் சும்மா எதையாவது அனுப்பினால் அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு துடிக்குமாம். அனுப்பினார், நிறுத்தினார், மறுபடி அனுப்பினார். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் அது படாமல் போகாது என்றார். "பார்த்துட்டோம்டா. இனிமே கை வெக்காதே. பேட்டரி தீர்ந்துடும்" என்று திரையைப் பார்த்துத் திட்டினார். அதற்குப் பிறகு புள்ளி அணையவில்லை, பச்சையாகவே நின்றது. சொல்பேச்சு கேட்கிறானே, அப்படியானால் அவன்தான் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். சொல்பேச்சு கேட்பது அவன் வழக்கமே இல்லையே என்று அடுத்த நிமிஷமே தோன்றும்.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. போர்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆன்-ஆஃப் மனைவி சோறு கட்டி அனுப்பியிருந்தாள். அது அப்படியே இருந்தது. மறுநாள் மத்தியானம் துளை கேபின் சுவரைத் தொட்டுவிட்டது என்று தகவல் வந்தது. ஆட்களை ஒவ்வொருவராக இழுக்கிறார்கள் என்றார்கள். யார், யார் என்று கேட்டால் அந்தக் கூச்சலில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆன்-ஆஃப் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மலை சைட் விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

"அக்கா?"

புழுதி அடைத்த குரல். எத்தனை புழுதி அடைத்தாலும் எனக்குத் தெரியாதா?

"அக்கா, கேக்குதா? அஞ்சு பேரும் வெளிய வந்துட்டாங்கக்கா. ஒருத்தருக்குக் கால்ல அடி, மத்தவங்க நல்லா இருக்காங்க. ஆன்-ஆஃப் சார் கிட்ட சொல்லிடுக்கா, பெட்டியில கை வெச்சதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லு. வேற யாரு பார்க்காட்டியும் அவருக்குத்தான் உடனே கோபம் வரும்னு தெரியும், அதான் வெச்சேன். அஞ்சு பேருன்னு புரிஞ்சுதா?"

"நீடா?" என்றேன். "நீ எப்படிடா இருக்கே?"

"நானா?" என்றான் தம்பி. யாரோ மூன்றாவது மனுஷனைப் பற்றிக் கேட்ட மாதிரி.

ஆன்-ஆஃப் எழுந்து என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினார். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டக் கத்தினார்.

"எத்தனை பேருடா மடையா? எண்ணிச் சொல்லு! எத்தனை பேரு?"

அவன் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்து எண்ணுவது அவர் கையிலிருந்த ஹெட்போனில் எனக்கும் கேட்டது.

"ஆறு சார்" என்றான்.